காரீயம், வெள்ளீயம், ஒரு பழைய துப்பாக்கிக் குண்டு

ரசம் வைக்கிற ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டுப் பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்துபோனவர்களுக்குத் தெரியும். சொம்பு சத்தமில்லாமல் உருகி அடுப்பில் வழிந்திருக்கும். 232 டிகிரி செல்சியஸ் போதும் அதற்கு. அது வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின். மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டு வேற ஆள். அது காரீயம், அதாவது லெட், 327 டிகிரியில் உருகும். முதலாவது ரசத்துக்கு மணம் தரும்னு சொல்வார்கள், இரண்டாவது உடம்புக்கு நஞ்சு. ஆனா தமிழில் இரண்டுக்கும் பொதுவாக ஈயம் என்ற ஒரே பேர்தான். கட்டுரை முழுக்க இந்த இரண்டும் கலந்து கலந்து வரப்போவதால் முதலிலேயே பிரித்து வைத்துவிடுகிறேன்.

தூத்துக்குடியில் இருக்கும் தம்பி ஒருவர் போன வருஷம் ஒரு படம் அனுப்பினார். கோலிக்குண்டு அளவில், சாம்பல் வெள்ளை படிந்த ஓர் உலோக உருண்டை. காயலான் கடையில் பழைய பித்தளை தேடும்போது கிடைத்ததாம். (காயலான் கடை என்ற பெயரே காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்று சொல்வார்கள். அந்தக் கடற்கரையில் பழைய உலோகம் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) கூடவே ஒரே ஒரு வரி: "அண்ணாச்சி, இது கட்டபொம்மன் காலத்துக் குண்டுதானே?"

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ், வேலை சாஃப்ட்வேர். துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. ஆனா கேள்வி பிடித்துப்போனது. காரணம், இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் அந்தக் காலத்தில் குண்டு வார்த்தவன் எதை யோசித்து அச்சையும் உலோகத்தையும் தேர்ந்தெடுத்தான் என்று தெரிய வேண்டும். அதைத் தேடிப் போனதில் கிடைத்தவைதான் கீழே.

முதலில், ஏன் காரீயம்? மூன்று காரணம். கனம், மென்மை, சீக்கிரம் உருகுவது. ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் 11.34 கிராம். இரும்பு 7.87தான். ஒரே அளவு குண்டில் அதிக எடை இருந்தால் காற்று அதைச் சுலபமாக நிறுத்த முடியாது. தங்கம் இன்னும் கனம்தான், அதைச் சுட்டுத் தள்ள யாரிடம் பணம் இருக்கிறது? உருகும் விஷயத்தில் காரீயத்துக்குக் கொல்லன் உலைகூட வேண்டாம், போர்க்களத்தில் விறகு அடுப்பும் ஒரு இரும்புக் கரண்டியும் போதும். மூன்றாவதான மென்மைதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன். நகத்தால் கீறினால் கோடு விழுகிற உலோகத்தை வைத்து ஒருவன் ஏன் சுட வேண்டும்? கெட்டியாக இருந்தால்தானே நல்லது? இந்தக் கேள்விக்குக் குண்டு போய் விழுகிற இடத்தில் பதில் இல்லை. அது குழலுக்குள் எப்படி நுழைகிறது என்பதில் இருக்கிறது.

அதற்கு முன் அளவு பற்றி ஒரு வார்த்தை. பழைய துப்பாக்கிகளின் குழல் விட்டத்தை அங்குலத்தில் சொல்லாமல் '12 போர்', '20 போர்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு ராத்தல் சுத்தக் காரீயத்தை எத்தனை சம உருண்டையாக வார்த்தால் ஒரு உருண்டை அந்தக் குழலுக்குச் சரியாக இருக்குமோ, அந்த எண்தான் போர். ஒரு ராத்தல் 453.6 கிராம். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் உருண்டை ஒன்றுக்கு 37.8 கிராம், விட்டம் 18.5 மில்லிமீட்டர். இருபதாகப் பிரித்தால் 15.6 மில்லிமீட்டர். எண் கூடக்கூட உருண்டை சின்னதாகும். முதலில் இது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

ஆனா முத்துக்குளித்துறையில் இந்தத் தலைகீழ் எண் பழகிப்போன சமாச்சாரம். முத்து வியாபாரிகள் முத்துகளை அளவு பிரிக்க ஒன்றுக்குள் ஒன்று அடங்காத, ஒரே அளவான பத்து பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதல் சல்லடையில் 20 துளை. அடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000 துளை. சல்லடையின் அளவு மாறாததால் துளை எண்ணிக்கை கூடும்போது துளை சின்னதாகும். இருபதாம் நம்பரில் தங்கும் முத்துதான் பெரிய முத்து, ஆயிரத்தில் தங்குவது தூள். துப்பாக்கிக்காரன் ராத்தலைப் பிரித்தான், முத்துக்காரர் தட்டைப் பிரித்தார். விட்டத்தை நேராக அளக்கிற கருவி கையில் இல்லாதபோது எண்ணிக்கையை வைத்து அளவைச் சொல்லும் அதே மூளைதான் இரண்டிலும். 1961-இல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அதற்கப்புறம் அந்தச் சல்லடைகளுக்கு வேலை இல்லை.

சல்லடையும் ஈயமும் வேறொரு இடத்தில் நேராகவே சந்திக்கின்றன. பறவை சுடும் பொடிக்குண்டை, நாம் ரவை என்கிறோமே அதை, ஒவ்வொன்றாக அச்சில் வார்க்க முடியாது. பிரிஸ்டல் ஊரைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் 1782-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். கொஞ்சம் ஆர்சனிக் கலந்த உருகிய காரீயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து கீழே தண்ணீரில் விடுவது. விழுகிற வழியிலேயே பரப்பு இழுவிசை துளியை உருண்டையாக்கிவிடும். பிறகு உருண்டைகளை மறுபடியும் சல்லடையில் சலித்து அளவு பிரிப்பார்கள். தூத்துக்குடி முத்துக் கொட்டகையில் நடந்ததும் இதுவேதான், சரக்கு மட்டும் வேற.

சரி, பாஞ்சாலங்குறிச்சிக்கு வருவோம். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. ஊமைத்துரையும் கூட இருந்தவர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியது 1801 பிப்ரவரி 2. இடித்த கோட்டையை அவர்கள் மறுபடி எழுப்பினார்கள், தூத்துக்குடியையும் பிடித்தார்கள். மார்ச் 31-இல் கம்பெனிப் படை கோட்டையைத் தாக்கித் தோற்றது. மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. அந்தச் சண்டையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பின்னாளில் 1830-இல் தன் நினைவுக்குறிப்புகளைப் புத்தகமாகப் போட்டார். ஆக 1799-1801 என்ற அந்த மூன்று வருஷத்தில் அந்தக் கரிசல் மண்ணில் இரண்டு விதமான ஈயக்குண்டு பறந்தது.

ஒன்று கம்பெனிக் குண்டு. கம்பெனிச் சிப்பாயின் சக்கிமுக்கித் துப்பாக்கிக்குக் குழல் விட்டம் 0.75 அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். ஆனா குண்டு ஏறக்குறைய 0.69 அங்குலம், 17.5 மில்லிமீட்டர்தான். ராத்தலுக்குப் பதினான்கு. ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியை வேண்டுமென்றே விட்டார்கள். காரணம் கரிமருந்து. அது எரிந்த பிறகு பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். புகையாகப் போனது போக, குழலின் உள்சுவரில் கரியும் உப்புமாகப் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும். தூத்துக்குடி மாதிரி உப்பங்காற்று அடிக்கிற ஊரில் அது ஈரத்தை வேறு உறிஞ்சும். முதல் குண்டு சுலபமாக இறங்கும், பத்தாவது குண்டு பாதியில் மாட்டும். எதிரி எதிரில் நிற்கும்போது மாட்டினால் கதை முடிந்தது. அதனால் சின்னக் குண்டு, தொளதொள இடைவெளி, காகிதத் தோட்டா. குறி தவறினாலும் பரவாயில்லை, நிமிஷத்துக்கு மூன்று முறை சுட்டாக வேண்டும். இதில் உலோகத்தின் மென்மைக்குப் பெரிய வேலை இல்லை. மலிவாகக் கிடைத்த காரீயம், அவ்வளவுதான்.

இன்னொன்று பாளையக்காரர் தரப்பின் குண்டு. வேலும் ஈட்டியும்தான் அவர்கள் கையில் அதிகம், கூடவே திரித்துப்பாக்கிகள். நாட்டுக்கொல்லன் அடித்துச் செய்த திரித்துப்பாக்கிக் குழல் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. இப்படிப்பட்ட துப்பாக்கிக்கு அதற்கென்றே ஒரு அச்சு வேண்டும். துப்பாக்கி கைமாறினால் அச்சும் கூடவே போக வேண்டும். அச்சு தொலைந்தால் கிடைத்த குண்டை உள்ளே போட்டு, துணியோ நாரோ வைத்து அடைத்துச் சுட வேண்டியதுதான். சாஃப்ட்வேர்க்காரன் கண்ணில் இது தெளிவாகத் தெரிகிற வித்தியாசம். கம்பெனியிடம் இருந்தது ஸ்டாண்டர்ட். ஆயிரம் துப்பாக்கிக்கும் ஒரே அச்சு, ஒரே பீப்பாயிலிருந்து எல்லாருக்கும் குண்டு. பாளையத்தில் ஒவ்வொன்றும் கஸ்டம் பில்ட். வீரத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், அச்சின் விட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த 'அச்சு' என்ற சொல்லே ருசியானது. வார்ப்புக்கும் அச்சு, புத்தகம் போடவும் அச்சு. 1586-இல் அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' அச்சானது புன்னைக்காயலில் என்று சொல்லப்படுகிறது. தூத்துக்குடியிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான். நம் காலத்து அச்சாபீஸ்களில் இருந்த ஈய எழுத்துகூடக் குண்டுக்குப் பங்காளிதான். எப்படி என்று பின்னால் வருகிறேன்.

குண்டு வார்க்கும் அச்சு பார்க்க இடுக்கி மாதிரி இருக்கும். இரண்டு கைப்பிடி, நுனியில் இரண்டு கட்டை, ஒவ்வொரு கட்டையிலும் அரைக்கோளக் குழி. மூடினால் முழு உருண்டை, மேலே ஊற்ற ஒரு வாய். உலோகமாகவோ கல்லாகவோ செய்யலாம். பல தேசங்களில் மாக்கல்லில் குடைந்த அச்சுகள் கிடைத்திருக்கின்றன, நம்ம கல்சட்டி செய்கிற அதே ரகக் கல். சூட்டைத் தாங்கும், வெட்டச் சுலபம். உலோகத்தில் இரும்பும் பித்தளையும் பழசு, அலுமினியம் புதுசு. இரும்பு அச்சு நீடிக்கும், ஆனா கடற்கரையில் துருப்பிடிக்கும். பித்தளை துருப்பிடிக்காது, சூடு சமமாகப் பரவும், விலைதான் அதிகம். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்கிற பழமொழிக்கு இந்த இடத்தில் வேற அர்த்தமே வந்துவிடுகிறது. அலுமினியம் சீக்கிரம் சூடாகும், கை நோகாது, ஆனா மென்மை என்பதால் விளிம்பு சீக்கிரம் தேயும்.

அச்சின் தடயம் குண்டில் அப்படியே தங்கும். இரண்டு கட்டை சேருகிற இடத்தில் இடுப்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு. ஊற்றிய வாயை வெட்டிய இடத்தில் ஒரு தட்டைத் தழும்பு. அச்சு சரியாகச் சூடாகாமல் ஊற்றியிருந்தால் தோல் சுருங்கியது மாதிரி மடிப்பு விழும். அச்சு ரொம்பச் சூடாக இருந்தால் மேற்பரப்பு பளபளப்பு போய்ப் பனி படிந்த மாதிரி மங்கும். இன்னொன்று, காரீயம் ஆறும்போது சுருங்கும். வெளிப்பக்கம் முதலில் இறுகிவிட்டால் உள்ளே சின்ன வெற்றிடம் தங்கிவிடும். வாயில் கொஞ்சம் அதிகமாக ஊற்றிக் குட்டை மாதிரி நிறுத்துவது, சுருங்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளத்தான்.

இங்கேதான் வெள்ளீயம் உள்ளே வருகிறது. உருகிய சுத்தக் காரீயம் அச்சின் மூலைமுடுக்கில் சரியாகப் பாயாது, பரப்பு இழுவிசை அதைச் சுருட்டி வைத்துக்கொள்ளும். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு வெள்ளீயம் சேர்த்தால் அது ஒழுகி ஓடி நிரப்பும். சால்டரிங் செய்தவர்களுக்கு இது புதுசில்லை. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் சேர்ந்த சால்டர் 183 டிகிரியிலேயே உருகிவிடும், இரண்டு உலோகமும் தனித்தனியாக உருகுவதைவிடக் குறைந்த சூட்டில். காலேஜ் லேபில் இதை வைத்து எத்தனை போர்டைக் கருக்கியிருப்போம்! வெள்ளீயம் சேர்த்தால் கூடவே கொஞ்சம் கடினமும் ஏறும். நல்லதுதானே என்றால், அது துப்பாக்கியைப் பொறுத்தது.

இப்போது தம்பியின் குண்டு. அவரிடம் வெர்னியர் காலிப்பர் இருந்தது, பட்டறைக்காரர் வீடு. கோட்டின் மேல் அளந்தால் 17.4 மில்லிமீட்டர், கோட்டுக்குக் குறுக்கே 17.1. எடை 30.1 கிராம். ஒரு ராத்தலுக்கு ஏறக்குறைய 15. துளை எதுவும் இல்லை.

துளை இல்லாதது முக்கியம். வலையில் கோர்க்கிற ஈயமணியாக இருந்தால் கயிறு போக வழி இருக்கும். ஆனா துளையில்லாத ஈயக்கட்டியையும் சுற்றிக் கட்டலாம் என்பதால் இது முடிவான சாட்சி இல்லை.

அடுத்து உலோகம். விட்டத்திலிருந்து கன அளவு கணக்குப் போட்டு அடர்த்தி பார்த்தேன். 17.1 என்று வைத்தால் 11.5, 17.4 என்று வைத்தால் 10.9. விட்டத்தில் ஒரு சதவீதம் தப்பினால் கன அளவில் மூன்று சதவீதம் தப்பும், மும்மடி விவகாரம். சுத்தக் காரீயம் 11.34, கார் சக்கரத்தில் பேலன்ஸுக்கு ஒட்டுகிற பழைய ஈயக்கட்டியின் கலவை சுமார் 11.04. நம்ம பிழை இந்த இரண்டையும் விழுங்கிவிடுகிறது. காலிப்பரை நம்பி உலோகம் சொல்வது இங்கே ஜோசியம்.

ஆர்க்கிமிடீஸ் வழி இதைவிடச் சுத்தம். நகைக்கடைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கி, குண்டை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும், அடியைத் தொடக்கூடாது. தராசு காட்டும் கிராம்தான் குண்டின் கன சென்டிமீட்டர். 2.68 காட்டியது. 30.1-ஐ 2.68-ஆல் வகுத்தால் 11.23. பெரும்பாலும் காரீயம்தான், கலப்பு அதிகம் இல்லை, உள்ளே சின்ன வெற்றிடம் இருக்கலாம். நகக்கீறலும் விழுந்தது.

ஆக, மென்மையான காரீயம், இருபாதி அச்சில் வார்த்தது, கம்பெனிக் குண்டைவிட ஒரு மயிரிழை சின்னது. கட்டபொம்மன் காலத்துக் குண்டாக இருக்கலாம். 1850 வரைக்கும் எந்த வேட்டைக்காரனின் குண்டாகவும் இருக்கலாம். எண்பதுகளில் யாரோ ஒரு மீனவர் வார்த்த எடைக்கட்டியாகவும் இருக்கலாம். வெள்ளைப் படிவம் பழமைக்குச் சாட்சி என்பார்கள். கடற்காற்றில் காரீயம் சீக்கிரமே வெளுத்துவிடும், அதை வைத்து நூற்றாண்டு சொல்ல முடியாது. இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைக் காயலான் கடை அழித்துவிட்டது: எந்த இடத்தில் கிடைத்தது என்ற தகவல். அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1984-இல் ஒவ்வொரு குண்டும் தோட்டாக்கூடும் கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்தே யார் எங்கிருந்து சுட்டார், எப்படி நகர்ந்தார் என்று எழுதினார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் கட்டிய நினைவுக் கோட்டைக்குப் பின்னால் பழைய கோட்டையின் மிச்சம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அந்த மண்ணில் ஒரு குண்டு கிடந்த இடத்திலேயே கிடந்தால் அது 14 ராத்தல் அளவா, வேற அளவா என்பதை வைத்தே எந்தத் தரப்பு எந்தத் திசையில் சுட்டது என்று பேசலாம். கையில் எடுத்துப் பையில் போட்டுவிட்டால் 30 கிராம் ஈயம். தம்பியிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் மனசு விட்டுப்போய்விட்டார். "அப்ப ஒண்ணுமே சொல்ல முடியாதா அண்ணாச்சி?" கட்டபொம்மன் கதையை ஒட்டாமல் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

இனி ரைஃபிளுக்குப் போகலாம். அங்கேதான் மென்மை தன் வேலையைக் காட்டுகிறது. ரைஃபிள் என்றாலே குழலுக்குள் சுருள் பள்ளம். குண்டு அந்தப் பள்ளத்தைக் கவ்விக்கொண்டு சுழன்று வெளியே வந்தால்தான் நேராகப் போகும். கவ்வ வேண்டும் என்றால் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனா கரிமருந்துத் துப்பாக்கியில் குண்டை வாய்வழியாக, கம்பியால் தள்ளி இறக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் இறங்காது, தொளதொள என்று இருந்தால் கவ்வாது. இருநூறு வருஷம் இந்தச் சிக்கல் தீரவில்லை.

அமெரிக்க வேட்டைக்காரர்கள் குண்டைச் சின்னதாக வார்த்து, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி இறக்கினார்கள். துணிதான் பள்ளத்தைக் கவ்வும், குண்டு சவாரி செய்யும். இதற்குச் சுத்தக் காரீயம் வேண்டும், துணியின் நெசவு குண்டின் மேல் லேசாகப் பதிய வேண்டும். வேட்டைக்கு நல்லது. படைக்கு ஆகாது, ரொம்ப நேரம் பிடிக்கும்.

படைக்கான தீர்வைத் தந்தவர்களில் பெயர் நிலைத்தது பிரெஞ்சு அதிகாரி மினியே, 1849 வாக்கில். குண்டு உருண்டை இல்லை, கூம்பு முனை, அடியில் குழி. சுலபமாக இறங்கும். சுட்ட நொடியில் பின்னாலிருந்து வரும் வாயு அந்தக் குழியின் மெல்லிய பாவாடையை விரித்துப் பள்ளத்தில் அழுத்திவிடும். போகும்போது சின்னது, வரும்போது பெரியது. இதற்குச் சுத்தக் காரீயத்தைத் தவிர வேறு எதுவும் ஆகாது. வெள்ளீயமோ ஆண்டிமனியோ சேர்த்துக் கடினமாக்கினால் பாவாடை விரியாது, வாயு ஓரமாகக் கசியும், குண்டு சுழலாது. மென்மை அங்கே குறை இல்லை, அதுதான் இயந்திரமே.

இதே வழியில் வந்ததுதான் 1853 மாதிரி என்ஃபீல்டு. குழல் 0.577 அங்குலம், ராத்தல் கணக்கில் 24 போர். முதலில் குண்டு 0.568 அங்குலம். சூட்டிலும் கரியிலும் அது மாட்டிக்கொண்டதால் பிறகு 0.550-ஆகக் குறைத்தார்கள். இறங்குவதற்கு வழுக்கலாகவும் கரியை இளக்கமாக வைக்கவும் தோட்டாக் காகிதத்தில் கொழுப்பு தடவினார்கள். அந்தக் கொழுப்பு எதனுடையது என்ற கேள்விதான் 1857-இல் வெடித்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கொழுப்பு மட்டும் வரும். ஏன் கொழுப்பு தேவைப்பட்டது என்று வராது. மெல்லிய ஈயம், இறுக்கமான குழல், பிசுபிசுக் கரி மூன்றும் சேர்ந்து கேட்டது அதை.

கலகம் அடங்கிய பிறகு நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. இந்தியச் சிப்பாய்களுக்கென்றே 1858 மாதிரி ஒன்றைச் செய்தார்கள். வெளியே பார்க்க என்ஃபீல்டு, உள்ளே சுருள் பள்ளமே கிடையாது. குழலை 0.65 அங்குலமளவுக்குப் பெரிதாக்கி வழவழவென்று விட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ரைஃபிள், கறுப்புச் சிப்பாய்க்குப் பழைய மாதிரி உருண்டைக் குண்டுக் குழல். நம்பிக்கையில்லாமையை ஒரு அரசு குண்டின் வடிவத்திலேயே எழுதி வைத்த உதாரணம் இதைவிடத் தெளிவாக எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு பின்பக்கத்தைத் திறந்து தோட்டாவை வைக்கும் துப்பாக்கிகள் வந்தன, கணக்கு தலைகீழானது. இப்போது குண்டு முன்வழியாக இறங்க வேண்டியதில்லை, அதனால் முதலிலேயே குழலைவிட ஒரு நூல் பெரிதாக இருக்கலாம். மருந்தின் தள்ளல் அதைப் பள்ளத்துக்குள் நெருக்கித் தள்ளும். சுத்தக் காரீயமாக இருந்தால் பள்ளத்தில் வழுக்கி, குழல் சுவரில் ஈயம் பூசிவிடும், ஈயம் பூசுகிறவர் வந்து போன பாத்திரம் மாதிரி. ஆகவே 1871-இல் வந்த மார்ட்டினி ஹென்றியில் 12 பங்கு காரீயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம். கரிமருந்து அதேதான், உலோகம் மாறியது, ஏனென்றால் கதவு மாறியது.

அச்சாபீஸ் எழுத்துக்கு வருகிறேன் என்றேன். லைனோடைப் உலோகம் 84 பங்கு காரீயம், 12 ஆண்டிமனி, 4 வெள்ளீயம். எழுத்தின் விளிம்பு கூர்மையாக வர வேண்டும், ஆயிரக்கணக்கில் அழுத்தினாலும் தேயக்கூடாது, ஆறும்போது அதிகம் சுருங்கக்கூடாது. பிரினெல் அளவில் சுத்தக் காரீயம் 5 என்றால் இது 22-ஐத் தொடும். எங்கள் ஊர் அச்சாபீஸ்கள் ஆஃப்செட்டுக்கு மாறியபோது இந்த எழுத்துகள் எடைக்குப் போயின. இதே அச்சில் இதை ஊற்றினால் குண்டு ஒன்பது பத்து சதவீதம் எடை குறைவாகவும், விட்டம் ஒரு நூல் பெரிதாகவும் வரும். வாய்வழியாக இறக்குகிற ரைஃபிளில் போட்டால் பாதிவழியில் நிற்கும். சக்கரக் கட்டிகளில் இப்போது துத்தநாகமும் கலந்து வருகிறது. அது 419 டிகிரியில்தான் உருகும், கொஞ்சம் சேர்ந்தாலே முழு உருக்கும் கஞ்சி மாதிரி கட்டி தட்டி அச்சில் பாயாமல் போகும்.

படித்துவிட்டு யாராவது அடுப்பைப் பற்றவைக்கப் போகிறீர்கள் என்றால், வேண்டாம். உருகிய காரீயத்தில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தால் நீராவியாக வெடித்து முகத்தில் தெறிக்கும். தூசியும் கசடும் கைவழியாக வாய்க்குப் போகும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது மெல்லக் கொல்லும் நஞ்சு. வெளுத்த பழைய குண்டைத் தொட்டாலும் கை கழுவிவிட்டே சாப்பிடுங்கள், புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கும். பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கும் அறிவிப்பைச் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் 1801 டிசம்பர் 1-இல் போட்டார். 1878 ஆயுதச் சட்டம் இன்னும் ஒரு படி போய், அரசு அறிவித்தால் காரீயத்தையும் கந்தகத்தையும் வெடியுப்பையும்கூட ராணுவப் பொருளாக நடத்தலாம் என்று வைத்தது. இப்போதுள்ள 1959 சட்டத்தில் வெடிமருந்துப் பொருள் என்ற சொல்லுக்குள் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். வாய்வழித் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். மண்ணில் கிடைக்கும் பழம்பொருளுக்கு இன்னொரு சட்டம், புதையல் சட்டம். வேடிக்கையாக அதுவும் 1878. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். ஒரு ஈயக்குண்டு காயலான் கடை விலையில் பத்து ரூபாய் தேறாது. ஆனாலும் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் நடந்து போகும்போது உழவுச்சாலில் ஒன்று கண்ணில் பட்டால், எடுப்பதற்கு முன் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் பிடித்து, போனில் இடக்குறியீட்டைச் சேமித்து, தொல்லியல் துறைக்கு அனுப்பிவிடுங்கள்.